மறுமுனையில் ஆடுகிறவர்கள்

அத்தியாயம் 11

போன வாரம் பெய்த கோடை மழையில் இடி இறங்கியது சேலம் கோட்டைப் பகுதியின் பின்தெரு மின்கம்பத்தில்தான். ஃபிரிட்ஜ் தப்பித்தது, மோட்டார் தப்பித்தது, டிவியும் தப்பித்தது. ஜஹானாராவின் வீட்டில் கருகிப்போனது ஒரே ஒரு பொருள். மருமகள் கௌசியா நாமக்கல் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய வீடியோ கேம் பெட்டி.

கௌசியா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும்தான். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. நாற்பது நாள் கூடவே இருந்துவிட்டு கணவன் அல்தாப் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியபோதுகூட அவள் இப்படி அழவில்லை. ஜஹானாரா அதைக் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி கேட்ட அல்தாப் போனில் சிரித்தான். "பழசு போனா போகட்டும் கௌசி. கறுப்புப் பெட்டி ஒண்ணு வாங்கிக்கோ. எங்க ரூம்ல இருக்கறதும் அதுதான். டியூட்டி முடிஞ்சு வந்ததும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து கப்பல் ஓட்டற ஆட்டம் ஆடலாம்."

"சரிங்க" என்றாள் கௌசியா.

அந்தச் 'சரிங்க' ஜஹானாராவின் காதில் ஒட்டவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் பெட்டி வாங்கக் கிளம்பியபோது, "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்று புர்காவை மாட்டிக்கொண்டு அவளும் ஆட்டோவில் ஏறினாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.

* * *

ஐந்து ரோட்டை ஒட்டிய தெருவில் மாடிக்கட்டடம். மேலே மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வீடியோ கேம் ஆடுகிற கூடம், கீழே விற்பனை. கடையை நடத்துகிறவள் மஞ்சுளா, திருச்செங்கோட்டுக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெட்டிகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளை உயரமாக, காலரைத் தூக்கிவிட்ட சட்டை மாதிரி நின்றது. அதுதான் பிளேஸ்டேஷன். கறுப்பு, குட்டி பீரோ மாதிரி சதுரமாக, அலட்டிக்கொள்ளாமல் இருந்தது. அது எக்ஸ்பாக்ஸ்.

ஜஹானாரா எந்தப் பொருளையும் கேள்வி கேட்காமல் வாங்கியதில்லை. கிரைண்டர் வாங்கும்போது கடைக்காரரைத் தண்ணீர் குடிக்க வைத்தவள்.

"கிரைண்டர் வாங்கினப்பவும் இதைத்தான் கேட்டேன். ரெண்டும் ஒரே வேலைதானேம்மா செய்யுது? எது நல்லது?"

"கிரைண்டருன்னா சொல்லிப்போடுவேனுங்க" என்று சிரித்தாள் மஞ்சுளா. "பெட்டி ரெண்டுமே நல்ல பெட்டிதானுங்க்கா. வெள்ளையில கையில புடிக்கிற கன்ட்ரோலர் அதிரும், பந்து பட்டா உள்ளங்கையிலயே தெரியும். கறுப்புல சந்தா ஒண்ணு கட்டுனா ஆட்டம் ஏகப்பட்டது அதுலயே வந்துரும், ஒவ்வொண்ணா வாங்க வேண்டியதில்லீங்க. நெட்டுல அடுத்தவங்களோட ஆடறதுக்கு ரெண்டுக்குமே சந்தா உண்டு. ஆனா முதல்ல பாக்க வேண்டியது அதெல்லாம் இல்லீங்க."

"பின்ன என்ன?"

"யாரோட ஆடப் போறீங்கங்கறதுதான். நம்ம ஆளுங்க எந்தப் பெட்டியில இருக்காங்களோ, அதத்தான் வாங்கோணும். எத்தனை ஒசத்திப் பெட்டியா இருந்தாலும் மறுமுனையில நம்ம ஆளு இல்லீன்னா, அது சும்மா ஒரு பெட்டிதானுங்க."

"கறுப்பே குடுங்க" என்றாள் கௌசியா. கசப்பு மருந்தை ஒரே வாயில் விழுங்குகிறவள் மாதிரி, அத்தனை வேகமாக.

மஞ்சுளா பில் புத்தகத்தை இழுத்தாள். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினாள். "முன்னாடி எதுல ஆடிட்டிருந்தீங்க கண்ணு?"

"இந்த வெள்ளைக் கம்பெனியோட பழைய மாடல். கருகிடுச்சுங்க்கா."

"அப்ப உங்க பேரு, ரெக்கார்டு எல்லாம் அதோட கணக்குலதான் இருக்கும். வெள்ளையவே வாங்குனா விட்ட எடத்துல இருந்து ஆடலாம். கறுப்புன்னா எல்லாம் முதல்ல இருந்து. உள்ள போய் என்னென்ன இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன்."

கௌசியா தயங்கினாள். பிறகு கன்ட்ரோலரை எடுத்துப் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினாள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வந்தது.

கோட்டைக்கதவு.

மஞ்சுளா திரையைப் பார்த்தாள். கௌசியாவைப் பார்த்தாள். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணு, நீங்களா அது?"

கௌசியா கன்ட்ரோலரை மேஜையில் வைத்தாள். திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அக்கா, இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" மஞ்சுளா ஜஹானாராவின் பக்கம் திரும்பினாள். "பொம்பளைங்களுக்குன்னு நடக்கற ஆன்லைன் ஃபுட்பால் லீக்குல கோல்கீப்பருங்க. 'ஐந்து ரோடு'ன்னு டீமு. இந்த வருசம் இவங்களத் தாண்டி ஒரு ஆட்டத்துல ரெண்டு கோலுக்கு மேல யாரும் போட்டதில்லீங்க. மேல ஆடற பசங்க இவங்க ஆட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பாங்க. சேலத்து ஆளுன்னு பேசிக்குவாங்க, யாருன்னு தெரியாது. என் கடையில வந்து இப்பிடி அமைதியா நிக்கறீங்களே கண்ணு."

ஜஹானாராவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மஞ்சுளாவின் முகம் புரிந்தது. பெரிய டாக்டரைக் கல்யாண வீட்டுப் பந்தியில் கண்டவர்கள் முகம் அப்படித்தான் மாறும்.

"இன்னைக்கு நாலு மணிக்கு அரையிறுதியாச்சே" என்றாள் மஞ்சுளா. "இன்னைக்குப் போயி கறுப்பு கேக்கறீங்க?"

* * *

கடையின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஜஹானாரா ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைக் காட்டினாள்.

"சொல்லு."

கௌசியா சொன்னாள். வீட்டில் இருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிற இந்தப் பெண், 'சரிங்க மாமி', 'வேண்டாங்க மாமி' என்பதற்கு மேல் அதிகம் பேசாதவள், ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஜஹானாரா கேட்டதில்லை.

ஐந்து பேர். சங்ககிரியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கும் ராசாத்தி. ஆத்தூரில் நர்ஸாக இருக்கும் ஸ்ரீதேவி. ஈரோட்டில் ஒருத்தி, திருச்சியில் ஒருத்தி. இரண்டு வருடமாக ஒன்றாக ஆடுகிறார்கள். கடைசிப் பிரிவிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

"ராசாத்தி தும்மினா எனக்குத் தெரியும் மாமி. ஆனா ரோட்ல எதிர்ல வந்தா தெரியாது."

"நீ இல்லாம இன்னைக்கு அவங்க ஆட முடியாதா?"

"பதிவு பண்ண அஞ்சு பேர்தான் ஆடணும். ஆள் குறைஞ்சா கோல்ல கம்ப்யூட்டர் நிக்கும்."

"ஜெயிப்பாங்களா?"

கௌசியா யோசித்தாள். "மாட்டாங்க."

அதில் பெருமை இல்லை. உப்பு போதுமா என்று கேட்டால் போதாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த ஒரு சொல்லில்தான் ஜஹானாரா முதன்முதலாக இந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"நேத்து சொல்லிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. ராசாத்தி மட்டும், 'ஊட்டுக்காரருதானுங்க முக்கியம், போயிட்டு வாங்க'ன்னாங்க."

"அல்தாப்புக்குத் தெரியுமா?"

"ஃப்ரெண்ட்ஸோட ஆடுவேன்னு தெரியும். லீக்குன்னு சொல்லல. நான்தான் கேப்டன்னும் சொல்லல. சும்மா பெருமை பேசற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்." கௌசியா விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவர் ஆசையா கேட்டார் மாமி. அங்க அவருக்கு வேலையும் ரூமும் விட்டா வேற என்ன இருக்கு."

அல்தாப் ஜஹானாரா பெற்ற பிள்ளை. குடோனில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, ஐந்து பேர் படுக்கிற அறைக்குத் திரும்புகிறவன். மனைவியோடு தினம் ஒரு மணி நேரம் ஆட வேண்டும் என்கிறான். இதில் என்ன தப்பு? ஒரு நிமிடம், ஒரு முழு நிமிடம், கறுப்பையே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவள் எழுந்து மேஜைக்குப் போனாள்.

"ஏம்மா, கறுப்பு வச்சிருக்கறவங்களும் வெள்ளை வச்சிருக்கறவங்களும் சேர்ந்து ஆடவே முடியாதா?"

"சில ஆட்டம் முடியுமுங்க. கார் ரேஸ் ஒண்ணு இருக்குது, இன்னும் ரெண்டு மூணு இருக்குது. அதுல எந்தப் பெட்டியா இருந்தாலும் சேர்ந்துக்கலாம். லீக்குல அது கெடையாது, அஞ்சு பேரும் ஒரே பெட்டியில இருக்கோணும்னு ரூல்சு."

"என் பையன் கப்பல் ஓட்டற ஆட்டம் ஒண்ணு சொன்னானே."

"அது கறுப்புல மட்டுமுங்க."

ஆக, வெள்ளையை வாங்கினால் கப்பல் இல்லை, ஆனால் அல்தாப்போடு கார் ஓட்டலாம். கறுப்பை வாங்கினால் ராசாத்தியும் ஸ்ரீதேவியும் இல்லை. ஜஹானாரா இதை மனத்துக்குள் கோத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், பின்னால் கௌசியாவின் குரல் கேட்டது.

"அவர்கிட்ட பேசிட்டு வாங்கறேன் மாமி. மறைச்சது நான். நானே சொல்லணும்."

ஃபோனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார் கேட்கட்டும் என்றே போட்டது போலிருந்தது.

"என்னங்க, கடையில இருக்கேன். ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். லீக், அரையிறுதி, கேப்டன், நாலு மணி. எதையும் குறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. "உங்களோட ஆடணும்னு எனக்கும் ஆசை இருக்கு. கார் ரேஸ் ரெண்டு பெட்டியிலயும் சேர்ந்து ஆடலாமாம். கப்பல் ஆட்டம்தான் முடியாது. நான் வெள்ளை வாங்கிக்கட்டுமா?"

மறுமுனையில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அல்தாப்.

"ரெண்டு வருஷமா ஆடறே. ஏழு மாசமா என் பொண்டாட்டி. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

"தப்புதாங்க."

"ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் கௌசி. என் மனைவி வரப்போறா, ஆடப்போறோம்னு." குரல் இறங்கியது. "சரி. உன் இஷ்டம்."

ஃபோன் அடங்கிவிட்டது.

சண்டை போட்டிருந்தால் ஜஹானாரா பயந்திருக்க மாட்டாள். 'உன் இஷ்டம்' என்ற வார்த்தைக்கு அவள் பயந்தாள்.

கௌசியா ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, வெள்ளையே குடுங்க. ஆட்டத்தை இங்கயே இறக்கிக்கலாமா? எங்க வீட்டு நெட்டுல போட்டா சாயங்காலம் ஆயிடும்."

"நாலு மணிக்கு நீங்க கோல்ல நிக்கறதுக்கு நானாச்சுங்க" என்றாள் மஞ்சுளா, மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரை இழுத்தபடி.

* * *

மூன்றரை மணிக்கு ஹாலில் பெட்டி தயாராக இருந்தது. மோடத்திலிருந்து ஒரு நீண்ட கேபிள் சுவரோரமாக ஓடியது. ஒயர் இல்லாமல் ஆடினால் நெட் நடுவில் திக்கும், கோல்கீப்பருக்கு அது ஆகாது என்று கௌசியா சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் ஜஹானாராவின் கணவர் ஷஃபியுல்லா வந்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சாக்கு சப்ளை செய்கிற வியாபாரம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் காலையில் ஆத்தூர் போய்விட்டு மூன்று மணிக்கு மேல் திரும்பி, சாப்பிட்டு, டிவியில் செய்தி பார்த்தபடி கண் அசருவார். இன்று சாப்பாட்டைக் கேட்கவில்லை.

"அல்தாப் போன் பண்ணான்" என்றார் மனைவியிடம். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு நாலு தடவ கேட்டான். ஒரு தடவகூட கௌசியா பேரைச் சொல்லல. என்ன நடந்துச்சு?"

ஜஹானாரா சமையலறைப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"இதுக்கா?" என்றார் அவர். "ஒரு பெட்டிக்காக எம் பையன் மனசு நோகணுமா? நாளைக்குக் கொண்டுபோய் மாத்திட்டு வந்துடுங்க."

"நாளைக்குப் பேசலாம். இப்ப நாலு மணிக்கு ஆட்டம்."

"ஆட்டம் இருக்கட்டும் ஜஹானா. புருஷன் ஒண்ணு கேட்டான்."

"புருஷன் கேக்கறதுக்கு முன்னாடியே நாலு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கா. வெள்ளிக்கிழமை மில்லுல சாக்கு இறக்கறேன்னு நீங்க சொன்னா, வீட்ல விசேஷம்னு சொல்லி நிறுத்தியிருக்கீங்களா? நம்ம நிக்காஹ் முடிஞ்ச மறுநாளே லோடு ஏத்தப் போனவர்தானே நீங்க?"

"அது வியாபாரம்."

"இது விளையாட்டுன்னா வாக்கு இல்லையா?"

ஷஃபியுல்லா ஹால் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆட்டம் உக்காந்து பாருங்க" என்றாள் ஜஹானாரா. "அதுக்கப்புறமும் திருப்பிக் குடுன்னு சொன்னீங்கன்னா நானே ஆட்டோ புடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

இத்தனை துணிச்சலாகச் சொல்லிவிட்டாளே தவிர, மருமகள் ஆடி அவளும் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் ஆடுகிறவளை யார் பார்த்தார்கள்?

கௌசியா வாசல் ஓரத்தில் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். "மாமா, எங்க டீம் பேசறதை டிவியிலயே கேக்கற மாதிரி போட்டுடறேன். நீங்களும் கேக்கலாம்."

* * *

திரையில் பச்சை மைதானம் விரிந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர். ஒவ்வொரு பொம்மை வீரரையும் ஓர் ஊரில் ஒருத்தி ஆட்டுவிக்கிறாள் என்று கௌசியா சொன்னாள். எதிர் அணி கொச்சிப் பெண்கள். கோல் கம்பத்துக்கு நடுவே மஞ்சள் சட்டை போட்டு நிற்கிற உருவம்தான் கௌசியா.

"கேப்டன்?" டிவிக்குள்ளிருந்து ஒரு குரல். "நெசமாலுமே நீங்கதானுங்களா? நாங்க நாலு பேருமா தோக்கறதுக்கு ரெடியாயிட்டமுங்க."

"நான்தான் ராசாத்தி. புதுப் பெட்டி, கை இன்னும் பழகல. முதல் ரெண்டு நிமிஷம் பின்னாடியே நில்லுங்க, எனக்குக் காவலா."

ஜஹானாரா திடுக்கிட்டு மருமகளைப் பார்த்தாள். இது வேறு குரல். 'சரிங்க மாமி' சொல்கிற குரல் இல்லை. உரக்கவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் ஒன்று சொன்னால் ஆத்தூரில் ஒருத்தி நகர்ந்தாள், திருச்சியில் ஒருத்தி நின்றாள்.

"ஸ்ரீ, இடது பக்கம் காலி. போங்க. போங்க. இப்ப வேண்டாம், பின்னாடி குடுங்க. சரி, இப்ப."

ஸ்ரீதேவியின் ஆள் உதைத்த பந்து வலைக்குள் போனது. ஷஃபியுல்லா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "நம்மளா போட்டது?"

"நம்மதான் மாமா."

நம்ம என்று அவர் சொன்னதை ஜஹானாரா குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகு கொச்சிக்காரிகள் அலை அலையாக வந்தார்கள். கௌசியாவின் கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன. தோள் அசையவில்லை, கண் இமைக்கவில்லை. மஞ்சள் சட்டை இடப்பக்கம் பாய்ந்தது, வலப்பக்கம் விழுந்தது, ஒருமுறை முன்னால் ஓடிவந்து எதிராளியின் காலடியிலேயே பந்தைப் பிடுங்கியது. ஒவ்வொரு தடவையும் பந்து எங்கே வரும் என்று அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ராசாத்தி தப்புப் பண்ணினாள். தேவையில்லாமல் பின்பக்கம் தட்டிய பந்தை எதிராளி பிடித்து, வெற்று மூலையில் அடித்துவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று.

டிவிக்குள் ராசாத்தியின் குரல் உடைந்தது. "என்னாலதானுங்க போச்சு. கெடுத்துப்போட்டேன்."

"ஒண்ணும் போகல" என்றாள் கௌசியா. "மொத ரெண்டு நிமிஷம் எனக்குக் காவலா நின்னது யாரு? பந்தை எடுத்து வைங்க."

ஜஹானாரா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். தன் ஐம்பது வருட வாழ்க்கையில் தப்புப் பண்ணினவளிடம் அந்த நொடியிலேயே இப்படிப் பேசிய ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அவளும் பேசியதில்லை.

சமன். பெனால்டி. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து உதை.

கொச்சியின் முதல் மூன்று உதையும் கோல். இந்தப் பக்கமும் மூன்று விழுந்தது. நான்காவதை உதைக்க வந்தவளைக் கௌசியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இவங்க ஆட்டம் பூரா ஒரு அடி நின்னு நின்னுதான் வலது பக்கம் அடிச்சாங்க" என்று முணுமுணுத்தாள்.

வந்தவள் ஒரு அடி நின்றாள். மஞ்சள் சட்டை வலப்பக்கம் பாய்ந்தது. பந்து கையில் பட்டுத் தெறித்தது.

ஷஃபியுல்லா எழுந்துவிட்டார். தன் அணியின் நான்காவது உதை கம்பத்தில் பட்டு வெளியே போனதும் அப்படியே தலையில் கை வைத்தார்.

கொச்சியின் ஐந்தாவது. இந்தத் தடவை உதைக்க வந்தது அவர்களுடைய கோல்கீப்பர், ஆட்டம் பூரா ஒரு பந்துகூடக் கோலுக்கு அடிக்காதவள், எந்தப் பழக்கமும் கௌசியா பார்க்காதவள். கௌசியா நகரவே இல்லை. நடுவிலேயே நின்றாள். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது.

"எப்படி நின்னே?" என்று ஜஹானாரா தன்னை மறந்து கேட்டாள்.

"பயந்தவங்க நேரா அடிப்பாங்க மாமி."

இன்னும் ஒரே உதை. அதைப் போட்டால் வெற்றி.

"ஸ்ரீ நல்லா அடிப்பாங்க" என்றது ஈரோட்டுக் குரல்.

"ஸ்ரீ முதல்லயே அடிச்சாச்சு. ராசாத்தி, நீங்க அடிங்க."

"நானுங்களா? வேண்டாமுங்க கேப்டன். இன்னொருக்கா என்னால போகக் கூடாதுங்க."

"போனாலும் பரவால்ல. நீங்க அடிச்சுப் போனா அது நம்ம அஞ்சு பேர் ஆட்டம். அடிங்க."

சங்ககிரியில் ஏதோ ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒருத்தி மூச்சை இழுத்துவிடுவது இந்த ஹாலில் கேட்டது. பந்து இடப்பக்க மேல்மூலையில் போய்ச் செருகியது.

டிவிக்குள் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ராசாத்தி அழுகிறாளா, சிரிக்கிறாளா தெரியவில்லை. கௌசியா கன்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தாள். அப்போதுதான் அவள் கைகள் நடுங்குவதை ஜஹானாரா பார்த்தாள். ஆட்டம் முடியும்வரை அந்த நடுக்கத்தைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஷஃபியுல்லா தொண்டையைச் செருமினார். "அந்த ஒயர் காலைத் தட்டுது. நாளைக்கு எலக்ட்ரீஷியனை வரச் சொல்றேன், சுவத்தோட சேத்து அடிச்சுக் குடுப்பான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு கேட்டார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவர் பேசவில்லை.

திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது. கௌசியா படித்தாள், இரண்டாவது முறையும் படித்தாள். "இறுதிப் போட்டி ஆன்லைன்ல இல்லையாம் மாமி. நேர்ல. பெங்களூர்ல ஒரு அரங்கத்துல. இந்த மாசம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அஞ்சு பேரும் வரணுமாம்." முகம் மலர்ந்தது. "ராசாத்தியைப் பாக்கப் போறேன்."

ஜஹானாராவின் ஃபோன் அடித்தது. அல்தாப்.

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா." குரல் கம்மியிருந்தது. "யூடியூப்ல நேரடியா போட்டாங்க. ரூம்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். கடைசி உதை விழுந்ததும் கண்ணுல தண்ணி, என்னால பாக்க முடியல, மூடி வச்சுட்டேன், அதுக்கப்புறம் என்ன சொன்னாங்கன்னு தெரியாது. பசங்க என்னைத் தூக்கிட்டாங்கம்மா. 'உன் மனைவியாடா இது'ன்னு கேக்கறாங்க. நான் அவகிட்ட காலைல எப்படிப் பேசிட்டேன்."

"அவகிட்டயே பேசுப்பா."

"போன்ல பேச மாட்டேன். நேர்ல பேசறேன். லீவு இந்த வாரம்தான் ஓகே ஆச்சு, பத்து நாள். இப்பதான் டிக்கெட் போட்டேன். இருபத்தெட்டாம் தேதி காலைல கோயமுத்தூர்ல இறங்கறேன். நான் வாசல்ல வந்து நிக்கும்போது அவ முகத்தைப் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"அல்தாப், அந்தத் தேதி..."

"மாத்த முடியாதும்மா, டிக்கெட் போட்டாச்சு. வைக்கறேன், பசங்க கூப்பிடறாங்க."

ஜஹானாரா கதவைத் திறந்தாள். ஹாலில் கௌசியா காலண்டருக்கு முன்னால் நின்று இருபத்தெட்டைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பினாள். அந்த முகத்தில் வெற்றி இருந்தது, அதற்கு அடியில் காலையிலிருந்து ஆறாத ஒரு பயமும் இருந்தது.

"அவரா மாமி? கோபமா இருக்காரா?"

"கோபமில்ல" என்றாள் ஜஹானாரா. "நீ ஆடினதைப் பாத்தானாம். அழுதான்."

கௌசியா பேனாவை மூட மறந்து நின்றாள். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

காலண்டரில் மை இன்னும் ஈரமாக இருந்தது. ஜஹானாரா அந்த வட்டத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் ஆசையைச் சொல்லிக் கெடுப்பதா, இந்தப் பெண்ணின் சந்தோஷத்தைச் சொல்லாமல் கெடுப்பதா?

"சாப்பிடு முதல்ல" என்றாள். சொல்லிவிட்டு, தட்டை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.